ஜன்னலில் ஒட்டிய பூந்தொட்டி: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் பாழடைந்த வீடுகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, நியூயார்க் மாநகராட்சி ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்களைத் 'தற்காலிக உடைமை'யாகத் தன் பேருக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் வேலை பார்த்தது, பாழான வீடுகளின் ஜன்னலில் பூந்தொட்டிப் படம் ஒட்டிக்கூடப் பார்த்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூந்தொட்டிப் படம் ஒட்டினார்கள் என்பது நிஜமா, இல்லை சுவாரசியத்துக்காகச் சேர்த்ததா?
– வாசகர், திருச்சி

நிஜம்தான். 1980களின் தொடக்கத்தில் நடந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் கண்ணில், இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல் பிடுங்கப்பட்ட, புகை படிந்த ஐந்து மாடி ஆறு மாடிக் கட்டடங்கள் பட்டுக்கொண்டே இருந்தன. மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா, ஓட்டை ஜன்னல்களைத் தகரத்தால் அடைத்து, அதன்மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டியது. ஸ்டிக்கரில் பாதி இறக்கிய திரை, மரக்கதவு, பூந்தொட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் குடியிருக்கிற மாதிரி தெரியுமாம். உள்ளே மாடிப்படிகூட இல்லாத கட்டடத்துக்குச் சாலைப் பக்கம் மட்டும் பூ. ஊரே சிரித்தது. ஆனால் முதலீட்டாளர்கள் பார்வையில் ஊர் கெட்ட பேர் எடுக்கக் கூடாது என்று அதிகாரிகள் சீரியஸாகவே விளக்கம் சொன்னார்கள்.

கட்டடங்கள் ஏன் அப்படி ஆயின என்று கேட்டால் அது நீண்ட கதை. கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ மக்களும் குடியேறிய பகுதிகளுக்குக் கடன் தருவதை வங்கிகள் நிறுத்தின, வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதில் குளிர்காலத்துக்கு பாய்லர் ஓட்டுகிற செலவையே வாடகையால் ஈடுகட்ட முடியவில்லை. கட்டடச் சொந்தக்காரர்கள் முதலில் ரிப்பேரை நிறுத்தினார்கள், அப்புறம் வரி கட்டுவதை நிறுத்தினார்கள், சிலர் ஆளை வைத்துத் தீயே வைத்து இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1970க்கும் 1980க்கும் நடுவில் பிராங்க்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்களில் நூற்றுக்கு 97க்கும் மேலான கட்டடங்கள் தீயிலும் கைவிடப்பட்டும் போய்விட்டன. 1977 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் தெருவில் இறங்கி நடந்தபோது எடுத்த படங்களில் அவரைச் சுற்றி இருப்பது செங்கல் குவியல்தான்.

சரி, அந்தக் கட்டடங்களை மாநகராட்சி எடுத்துக்கொண்டது என்றீர்களே. எங்கள் வார்டில் தெருவிளக்கு எரிய வைக்கவே மூன்று மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சியே வீட்டுக்காரர் ஆனால் குழாய் ஒழுகினால் யார் வருவார்கள்?
– வாசகி, மதுரை

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

நியூயார்க் ஆசைப்பட்டு வீட்டுக்காரர் ஆகவில்லை, மாட்டிக்கொண்டது என்பதுதான் பொருத்தம். முன்பெல்லாம் மூன்று வருஷம் சொத்துவரி பாக்கி வைத்தால்தான் கட்டடத்தை ஜப்தி செய்ய முடியும். அந்த மூன்று வருஷத்தில் ஆள் வாடகையை மட்டும் வசூலித்துக்கொண்டு, கட்டடத்தைச் சக்கையாகப் பிழிந்துவிட்டு ஓடிவிடுகிறார் என்று, 1976இல் சட்டத்தைத் திருத்தி ஒரு வருஷ பாக்கி போதும் என்றார்கள். பயந்துபோய் எல்லோரும் ஓடிவந்து வரி கட்டுவார்கள் என்று கணக்கு. கொஞ்சம் பேர் கட்டவும் செய்தார்கள். மீதிப் பேர் 'எடுத்துக்கொள், எனக்கென்ன' என்று விட்டுவிட்டார்கள். 1970களின் முடிவில் மாநகராட்சியின் கையில் சேர்ந்த குடியிருப்புகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. பெரும்பகுதி ஆளில்லாதவை. மீதியில் ஜனங்கள் குடியிருந்தார்கள், பெரும்பாலும் ஏழைகள், பாய்லர் இல்லாமல், தண்ணீர் உறைந்து குழாய் வெடித்த வீடுகளில்.

இதற்கென்றே 1978இல் ஒரு வீட்டுவசதித் துறை. அதிகாரிகளை நம்பி எல்லாம் நடக்கவில்லை. உங்கள் மதுரை மாதிரியேதான், புகார் கொடுத்தால் வருவார்கள், எப்போது என்று கேட்கக் கூடாது. அதனால் அதே 1978இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள், அதுதான் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பகுதி. ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தால், மாநகராட்சி அந்தக் கட்டடத்தையே சங்கத்துக்கு இடைக்காலக் குத்தகையாக விட்டுவிடும். வாடகையைச் சங்கமே வசூலிக்கலாம், கணக்கு எழுத வேண்டும், பாய்லருக்கு எண்ணெய் வாங்க வேண்டும், கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய வேலைகளுக்கு மாநகராட்சி பணம் தரும். கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் பயிற்சிகூடக் கொடுத்தார்கள். சில வருஷம் ஒழுங்காக நடத்திக் காட்டினால் குடியிருப்பு ஒன்றுக்கு 250 டாலர் விலையில் கட்டடம் அவர்களுக்கே. தட்டுப்பிழை இல்லை, 250தான்.

வாடகை வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரரோடு மோட்டார் போடுவதற்கே சண்டை போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். வாடகை கொடுக்காதவரின் கதவை அதே மாடியில் குடியிருக்கிறவரே போய்த் தட்ட வேண்டும். பல கட்டடங்களில் சங்கத்தை இழுத்துப் பிடித்து நடத்தியவர்கள் வயசான பெண்மணிகள். 'குளிரில் என் பேரப்பிள்ளை படுக்கிறான், எண்ணெய்க்குக் காசு எடு' என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? பிராங்க்ஸில் கெல்லி தெருவின் வளைந்த பகுதியில் குடியிருந்தவர்கள் 1977இல் இடிக்க வந்த கட்டடங்களைத் தாங்களே எடுத்துச் சரிசெய்ய இறங்கினார்கள். தெரு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்ததால் அமைப்புக்கே 'பனானா கெல்லி' என்று பேர்.

பணம் பெரிதாக வந்தது பிறகுதான். 1986இல் மேயர் எட் கோச் பத்து வருஷத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அது வளர்ந்து வளர்ந்து 500 கோடி டாலரைத் தாண்டியது. மாநகராட்சி கையில் இருந்த கூடு மாதிரியான கட்டடங்களை எடுத்துக் கட்டி முடித்து, லாபநோக்கில்லாத அமைப்புகளிடமும் சிறு முதலாளிகளிடமும் குடியிருப்போரிடமும் படிப்படியாகக் கைமாற்றினார்கள். தற்காலிகம் என்று ஆரம்பித்தது முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. சில கட்டடங்கள் அதற்கப்புறமும் இழுத்தன. என்னைக் கேட்டால், ஒரு கட்டடத்தைக் கையில் எடுப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளைத் தயார்செய்யத்தான் வருஷக்கணக்கு ஆகிறது. ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் சங்கத்துக்குக் கணக்கெழுதச் சொல்லிக் கொடுத்தவர்களும் ஒரே மாநகராட்சியில்தான் சம்பளம் வாங்கினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

'தற்காலிக உடைமை' என்ற சொல்லே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பத்திரம் யார் பேரில் இருக்கும்? நான் சட்டம் படிக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

நல்லது, நீங்கள் படிக்கிறவர் என்பதால் பிரித்தே சொல்கிறேன். நான் மேலே சொன்ன நியூயார்க் கதையில் பத்திரமே மாநகராட்சி பேருக்கு மாறிவிட்டது. அது ஒரு வகை.

இன்னொரு வகையில் பத்திரம் பழைய ஆள் பேரிலேயே இருக்கும், சாவி மட்டும் வேறொருவர் கையில். நம் ஊரில் அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அறநிலையத்துறை தக்கார் நியமிக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அது. சொத்துத் தகராறில் கோர்ட் ரிசீவர் போடுவதும் இதே ஜாதிதான். நியூயார்க்கில் இதற்கு 1965இலிருந்தே ஒரு சட்டப்பிரிவு உண்டு, ஏழு-ஏ என்று சொல்வார்கள். கட்டடத்தில் குடியிருப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து 'உயிருக்கே ஆபத்தாக இருக்கிறது, வீட்டுக்காரர் கவனிக்கவில்லை' என்று கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அவர் வாடகையை வாங்கி அந்தப் பணத்திலேயே ரிப்பேர் பார்ப்பார். வீட்டுக்காரர் திருந்தி வந்தால், செலவைக் கொடுத்தால், கட்டடம் திரும்பக் கிடைக்கும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் 2008இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் கொஞ்சம் தைரியமானது. 135ஆம் எண் சட்டம். இதில் ஆளில்லாத வீட்டுக்காக அக்கம்பக்கத்தார்கூட மனு போடலாம். வீட்டில் 12 மாசம் யாரும் இருந்திருக்கக் கூடாது, விற்பனைக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கக் கூடாது, நேற்று வாங்கிய வீடாக இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். கோர்ட் ஒப்புக்கொண்டால் காப்பாளர் ஒருவர் வருவார், திட்டமும் பட்ஜெட்டும் காட்டி ரிப்பேர் செய்வார், சொந்தக்காரர் வந்து செலவைக் கொடுக்காவிட்டால் கடைசியில் கோர்ட் அனுமதியோடு விற்கலாம். பிலடெல்பியாவில் இதை நல்லதுக்கும் பயன்படுத்தினார்கள், விலை ஏறும் தெருவாகப் பார்த்து மனு போட்டு லாபம் பார்க்கும் கூட்டமும் கிளம்பியது. சட்டம் வந்தால் கூடவே அதுவும் வரும்.

பரீட்சைக்கு ஆகாது, இருந்தாலும் ஒன்று: பிலடெல்பியாவில் 2011இலிருந்து கதவு-ஜன்னல் விதி ஒன்று இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கிற தெருவில் காலி வீட்டுக்கு முறையான கதவும் கண்ணாடி ஜன்னலும் இருக்க வேண்டும், பலகை அடித்து மூடக் கூடாது. மீறினால் ஒரு திறப்புக்கு ஒரு நாளைக்கு 300 டாலர் அபராதம். ஒரு வீட்டுக்குப் பத்து ஜன்னல் என்று வைத்துப் பாருங்கள். பிராங்க்ஸில் மாநகராட்சியே தகரம் அடித்து ஸ்டிக்கர் ஒட்டியதற்கு இது நேர் எதிர்.

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிறோம். பக்கத்து வீடு நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, எலி, பின்பக்கத் தோட்டம் முழுக்க முள், மழைக்காலத்தில் அவர்கள் கூரைத் தண்ணீர் வடியும் பீலி அடைத்து எங்கள் சுவர் ஊறுகிறது. கவுன்சில் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளுமா?
– வாசகி, ஹாரோ

எடுக்க முடியும். எடுக்குமா என்பது வேறு.

இங்கிலாந்தில் 2004ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தில் 'காலி வீட்டு நிர்வாக உத்தரவு' என்று ஒன்று இருக்கிறது. ஊர்ப்பக்கம் போக்கியத்துக்கு விடுவது என்று சொல்வோமே, வீட்டை அனுபவித்து அதன் வருமானத்தில் கடனைக் கழிப்பது, அதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே போக்கியக்காரர் கவுன்சில். வீடு சொந்தக்காரர் பேரிலேயே இருக்கும், அவர் விற்கக்கூட விற்கலாம். ஆனால் சாவி, வாடகை, ரிப்பேர் எல்லாம் கவுன்சில் பொறுப்பு. முதலில் இடைக்கால உத்தரவு, அதிகபட்சம் 12 மாசம், அந்தக் காலத்தில் ஆள் வைக்க சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். அதற்கப்புறம் இறுதி உத்தரவு, 7 வருஷம் வரை, இதில் சம்மதம் தேவையில்லை. வாடகையில் ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு மீதி இருந்தால் சொந்தக்காரருக்கு.

ஆரம்பத்தில் ஆறு மாசம் காலியாக இருந்தாலே போதும் என்றிருந்தது. தனியார் சொத்தில் கைவைக்கிறார்கள் என்று கூச்சல் வந்ததும் 2012இல் இரண்டு வருஷம் ஆக்கினார்கள், கூடவே அந்த வீட்டால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இருக்க வேண்டும், சொந்தக்காரருக்கு மூன்று மாசம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்தார்கள். தீர்ப்பாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முதலிலிருந்தே இருக்கிறது. உங்கள் பக்கத்து வீடு நாலு வருஷம், எலி வேறு, தகுதிக்குக் குறைவில்லை. ஆனால் நடைமுறையில் இந்த உத்தரவு போட்டது மிகக் குறைவு. காரணம் கணக்குதான். பாழான வீட்டைக் குடியிருக்கும்படி ஆக்கப் பெரும் தொகை வேண்டும், அது ஏழு வருஷ வாடகையில் திரும்ப வந்தாக வேண்டும், வராவிட்டால் துண்டு விழுவது பெரும்பாலும் கவுன்சில் தலையில். அதனால் இதை அலமாரியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கடிதத்துக்கே வேலை நடப்பதும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் கவுன்சிலில் காலி வீடுகளைக் கவனிக்கும் அலுவலர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், பல கவுன்சில்களில் உண்டு. எலிக்கும் ஊறும் சுவருக்கும் தேதி போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள், இரண்டு படத்துக்கு நடுவில் நாலைந்து மாசம் இருந்தால் இன்னும் நல்லது. காலி வீட்டுக்கு கவுன்சில் வரியைக் கூட்டிப் போடும் அதிகாரம் இருக்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம் காலியாக இருந்தாலே இரட்டிப்பாக்கலாம், அதைப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சொந்தக்காரர் இறந்து வாரிசுச் சான்று நடந்துகொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

வரி பாக்கிக்காக வீட்டையே பிடுங்குவது அரசாங்கக் கொள்ளை. அதைப் பாராட்டி எழுதுகிறீர்களே?
– வாசகர், சேலம்

கோபத்தில் நியாயம் இருக்கிறது. நியூயார்க்கே இதில் வழுக்கி விழுந்தது. தானே வீட்டுக்காரர் ஆகிப் பட்ட பாடு போதும் என்று 1996இல் முறையை மாற்றினார்கள். இனி மாநகராட்சி தன் பேருக்கு எடுக்காது, பாக்கி உள்ள கட்டடத்தை நேராக மூன்றாம் ஆளிடம் மாற்றிவிடும். காகிதத்தில் புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. ஆனால் 2018 வாக்கில் புரூக்ளினில், கட்டடத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத பாக்கிக்காக, பல வருஷம் உழைத்துக் கடனடைத்த வயதானவர்கள், அதிலும் கறுப்பினத்தவர்கள், முழு வீட்டையும் இழந்தார்கள். 2019இல் ஒரு நீதிபதி சில பறிமுதல்களை ரத்து செய்தார்.

அதைவிடப் பெரிய தீர்ப்பு 2023 மே மாதம் வந்தது. மினியாபொலிஸில் 94 வயது மூதாட்டி, அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு. வரியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலர் பாக்கி. ஹெனபின் கவுண்டி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பாக்கியை எடுத்துக்கொள், மீதி அவளுடையது என்றார்கள்.

அதனால் நான் பாராட்டுவது எடுப்பதை இல்லை. ஆள் குடியிருக்கும் வீட்டையும் ஆள் ஓடிப்போன வீட்டையும் ஒரே தராசில் வைக்கிற அதிகாரியைக் கண்டால் உங்களைவிட எனக்குக் கோபம் வரும்.

மும்பையில் மாட்டுங்காவில் பழைய கட்டடத்தில் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு 'மாடா' (மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பு) இருக்கிறதே, அது இந்தக் கணக்கில் வருமா?
– வாசகர், மும்பை

வரும், ஓரளவுக்கு. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மும்பையில் வாடகை 1940 நிலவரத்தில் உறைந்து போனதால் வீட்டுக்காரர்கள் ரிப்பேரைக் கைவிட்டார்கள். 1969இல் தனிச் சட்டம் போட்டு, பழைய கட்டடங்களிடம் செஸ் என்ற தனி வரி வசூலித்து, ஒரு வாரியம் ரிப்பேர் பார்க்கும் என்றார்கள். இப்போது அது மாடாவின் கீழே. மாநகராட்சி இல்லை, மாநில அரசின் அமைப்பு. ஐம்பது வருஷமாக முட்டுக்கொடுத்தும் கட்டடங்கள் விழுவது நிற்கவில்லை. 2017 ஆகஸ்ட் கடைசி நாள் பேண்டி பஜாரில் ஒரு கட்டடம் சரிந்து 33 பேர் போனார்கள். அதற்கப்புறம் 2020இல் திருத்தம், 2022 இறுதியில் ஜனாதிபதி ஒப்புதல். ஆபத்தான கட்டடமென்றால் மறுகட்டுமானத் திட்டம் தர வீட்டுக்காரருக்கு ஆறு மாசம், அவர் தராவிட்டால் வாடகைதாரர் சங்கத்துக்கு ஆறு மாசம், இரண்டும் நடக்காவிட்டால் மாடாவே எடுக்கும். நியூயார்க் சங்கத்தை நினைவுபடுத்துகிறது, இல்லையா? உங்கள் கட்டடத்தில் சங்கம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், நோட்டீஸ் வந்தபின் ஆறு மாசம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கட்டட வேலை முடியும்வரை தற்காலிகமாகக் குடிவைக்கும் டிரான்சிட் கேம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்கென்று போய் அங்கேயே பேரன் எடுத்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள்.

எங்கள் பூர்வீக வீட்டுக்கு 40 பங்காளிகள். யாரும் குடியில்லை. நகராட்சியே எடுத்துப் பராமரித்தால் புண்ணியமாகப் போகும். இங்கே அப்படி வழி உண்டா?
– வாசகர், காரைக்குடி

ஆபத்தான கட்டடம் என்றால் நம் நகராட்சி நோட்டீஸ் கொடுக்கும், சரிசெய் அல்லது இடி என்று. செய்யாவிட்டால் தானே செய்து செலவை உங்களிடம் வசூலிக்கும். எடுத்துப் புதுப்பித்து, வாடகைக்கு விட்டு, திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இங்கே இல்லை. இருந்தாலும் நோட்டீஸை 40 விலாசத்துக்கு அனுப்பி, 40 பேரின் பதிலையும் வாங்கி முடிப்பதற்குள் வீட்டில் மிஞ்சுவது தூண் மட்டும்தான். இது உங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பிலடெல்பியாவில் செத்துப்போன தாத்தா பாட்டி பேரிலேயே பத்திரம் நிற்கும் வீடுகள் பத்தாயிரத்துக்கு மேல் என்று 2021இல் கணக்கெடுத்தார்கள். வாரிசு குடியிருந்தாலும் ரிப்பேர் உதவி வாங்குவது கஷ்டம், ஏனென்றால் வீடு அவர் பேரில் இல்லை. அங்கே அதற்கு 'சிக்கலான பத்திரம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் 40 பேரில் ஊரில் இருக்கிற ஒருவருக்கு நிர்வாகத்துக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுங்கள், விற்க அதிகாரம் வேண்டாம், சண்டை வரும். சொத்துவரி ரசீது தொடர்ச்சியாக இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைச் சுத்தம் செய்து, கழன்ற ஓட்டை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தெருமுனையில் ஒரு பூட்டிய வீடு, கைப்பிடிச்சுவர் வெடிப்பில் விரல் நீள அரசங்கன்று இருந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, இப்போது அதன் வேர் சுவரின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டிலும் மாடியில் முளைத்திருக்கும். மேலே ஒடித்துவிட்டால் மறுபடி துளிர்க்கும், கொத்தனாரை வைத்து வெடிப்பைத் திறந்து வேரோடு எடுத்து, அப்புறம் பூசச் சொல்லுங்கள்.